ஒன்பதாம் எண் வண்டியின் வலது ஓரம்

அந்தத் தெருவில் அவளை அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களுக்கு பிரேம் போடுகிற கடை வைத்திருப்பவள். எதைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் அதன் அகல நீளத்தில்தான் போய் நிற்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, சுவரில் இருந்த இறந்தவரின் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கீழ்ப்பக்கம் அரை விரக்கடை கூடிப்போச்சு" என்று வாய்விட்டவள். நல்லவேளை, அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் நின்ற கணவனுக்கு மட்டும் கேட்டுவிட்டது. அவன் அதை இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறான்.

அளவக்காவுக்குக் கை எவ்வளவு நேர்த்தியோ வாயும் அவ்வளவு நீளம். தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. போட்டோவில் கத்தி படக்கூடாது. படம் பெரிதாக இருந்தால் பிரேமையும் பெரிதாகப் போடு. முடியாவிட்டால் மௌண்ட் போடு; அதாவது ஒரு தடித்த அட்டையில் சன்னல் மாதிரி வெட்டி, படத்தின் மேல் வைத்து, வேண்டாத ஓரத்தை அதற்கடியில் மறைத்துவிடு. படம் உள்ளே முழுசாக இருக்கும், என்றைக்காவது பிரித்துப் பார்ப்பவருக்குக் கிடைக்கும். பக்கத்துத் தெருக் கடைக்காரன் ஒரு குடும்பப் படத்தை அளவுக்காக வெட்டிவிட்டான் என்று தெரிந்தபோது அவள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமில்லை. "பாதி மாமியாரைத்தான் வச்சிருக்கான். மீதிப் பாதி எங்கடான்னு கேட்டா ஈன்னு இளிக்கிறான்! உசிரோட இருக்கிற ஆளை வெட்டுற மாதிரிதானே அது?" என்று கடைத்தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். அந்தப் படத்துக்குச் சொந்தக்காரியான மருமகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

கீழே கடை, மேலே வீடு. அம்மா போன பிறகு அப்பாவும் அவளோடு வந்துவிட்டார். பழைய மெக்கானிக். வேலையிலிருந்து நின்று எத்தனையோ காலமாகியும் கை மட்டும் சும்மா இருக்காது. வீட்டில் திருகி மூடுகிற பொருள் எதுவானாலும் அது ஒருமுறை அவர் கையில் பட்டாக வேண்டும். அவர் மூடிய குழாயைத் திறக்க இரண்டு கை வேண்டும். காப்பித்தூள் டப்பாவை அவர் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போனால், அவரை எழுப்பாமல் அந்த வீட்டில் யாரும் காப்பி குடிக்க முடியாது. மருமகன் மூடியில் துணியைச் சுற்றி, பல்லைக் கடித்து, முகம் சிவந்து, கடைசியில் தோற்றுப்போய், "மாமா, கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுப்பான். அவர் வந்து ஒரே திருகில் திறந்து கொடுத்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். அளவக்கா மட்டும் சிரித்ததே இல்லை. அந்த இறுக்கலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்கு வெளியே பழைய விமானத் திடலில் கார் பந்தயம் நடக்கும். அப்பா அங்கே ஒன்பதாம் எண் வண்டிக்கு மெக்கானிக். அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளுக்குச் சக்கரத்தின் நடுவில் ஒற்றை நட்டுதான். சக்கரத்தை மாட்டியதும் அந்த நட்டைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறுக்க வேண்டும். ஒரு பந்தயத்தின் நடுவில் வண்டி சக்கரம் மாற்ற வந்து நின்றது. ஒரே பரபரப்பு, ஆளுக்கு ஆள் கத்தல். அப்பா நட்டைக் கையால் திருகிவிட்டு நிமிர்ந்தார். சுத்தியலை எடுப்பதற்குள் "போ, போ" என்று யாரோ வண்டியின் முதுகில் தட்டிவிட்டார்கள். வண்டி போயேவிட்டது. அடுத்த சுற்றில், மெக்கானிக்குகள் நிற்கிற இடத்தை ஒட்டிய வளைவுக்கு வரும்போது சக்கரம் தனியாகவும் வண்டி தனியாகவும் வந்தன. ஓட்டியவர் உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு கால் பழையபடி ஆகவே இல்லை. அத்தோடு அவருடைய பந்தயம் முடிந்தது. அப்பாவும் பந்தய ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்துவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "நட்டு கழண்ட கேஸு" என்று யாரையாவது கிண்டல் செய்யும்போதெல்லாம் எல்லார் கண்ணும் அப்பா பக்கம் ஒரு நடை போய்விட்டு வரும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நாற்காலி ஆடினால், "மாப்பிள்ளை மாட்டின நாற்காலியா?" என்று மாமாக்கள் கேட்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிப்பதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே நட்டு. அந்தப் பெயரோடு அவள் எத்தனை நாள் கழிப்பறையில் போய் அழுதிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கல்யாணமாகி வேறு பக்கம் குடிவந்ததும் அந்தக் கதையை அப்படியே மூட்டை கட்டிப் போட்டுவிட்டாள். அப்பா என்ன செய்தார் என்று கேட்டால், "வண்டி ரிப்பேர் பார்ப்பார்" என்பாள். பந்தயம் என்ற சொல்லே அவள் வாயில் வராது.

இப்படிப்பட்டவளின் கடைக்குத்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

பெரிய சாலையில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டியிருந்தார்கள். அதன் மேனேஜர் துறுதுறுவென்று இருப்பவர், நின்ற இடத்தில் நிற்கமாட்டார். "வரவேற்பு ஹால் சுவர் முழுக்க ரேஸ் போட்டோ வேணும் மேடம். எல்லாம் பழசு, கறுப்பு வெள்ளை. இப்ப இதுக்குத்தான் மவுசு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். அந்தத் திடலில் படமெடுத்துக்கொண்டிருந்த போட்டோக்காரர் இறந்துபோய், அவர் வீட்டார் கொடுத்ததாம். நெகட்டிவ் எல்லாம் கரையான் தின்றுவிட்டது. இருப்பது இந்தக் காகிதப் படங்கள் மட்டும்தான், ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. "எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி மெல்லிசான கறுப்பு பிரேம். வரிசையா மாட்டணும். உங்களை நம்பித்தான் மேடம் கொடுக்கிறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் மேலே கிடந்த படத்தைப் பார்த்ததும் தொழில்காரியின் கண் முந்திக்கொண்டது. பந்தயம் முடித்து இறங்கிய ஒருவரின் முகம். முகம் முழுக்கப் புழுதி, கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். அதற்கடியில், வளைவில் சாய்ந்து போகும் வண்டி ஒன்று. பக்கத்தில் ஒரு நாய், பந்தயமாவது மண்ணாவது என்று காதைச் சொறிந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் குடை பிடித்த பெண்கள், அவர்கள் குடையெல்லாம் வண்டி போன காற்றில் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. அளவக்கா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் இதையா வெறுத்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் எதை மறைக்க முடியும்? ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி கீழே வந்து, வேலைமேசைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று எட்டிப் பார்த்தார். "இது கிழக்கு வளைவு. இங்க எப்பவும் எண்ணெய் சிந்திக் கிடக்கும்" என்றார். அவள் படத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு மூடினாள். அவர் தண்ணீர் குடிக்காமலே மேலே போய்விட்டார்.

ஒன்பதாம் எண் வண்டியின் படம் பெட்டியின் அடியில் இருந்தது. மற்றதைவிட அது அகலமான படம். எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். வண்டி வைக்கோல் கட்டுகளில் மோதி ஒருக்களித்துக் கிடந்தது. பின்பக்கம் புகையும் நெருப்பும். கழன்றுபோன சக்கரம் தனியே உருண்டு போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வலது ஓரத்தில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், மற்றவர்களிடமிருந்து தனியாக ஒரே ஒரு ஆள். இடுப்புக்குக் கீழே வைக்கோல் மறைத்திருந்தது. கறை படிந்த மெக்கானிக் ஓவரால், அகலத் திறந்த வாய். வண்டிக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பியிருந்தார். தலை நிறைய முடியோடு அவளுடைய அப்பா.

தப்பு செய்ததோடு போகவில்லை, ஓடவும் செய்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. தான் கவனிக்காமல் விட்ட வண்டியில் ஒருவர் எரியும்போது, இவர் முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியபடி ஓடுகிறார். இதுவரை அவள் கேட்ட கிண்டலில் இது ஒன்று மட்டும் பாக்கியிருந்தது. இனி அதுவும் சுவரில் தொங்கப் போகிறது, அதுவும் அவள் கையால் போட்ட பிரேமுக்குள். அவமானம் அவளுக்குப் பிடரியிலிருந்து கிளம்பிக் காதுவரை சுட்டது.

மேனேஜர் வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். "இதுதான் மேடம் நடுநாயகம்! எப்படிப்பட்ட படம்! ஆனா அகலமா இருக்கே, என்ன பண்ணப்போறீங்க?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்" என்றாள்.

மௌண்டை வைத்து அந்த ஓரத்தை மறைத்திருக்கலாம். அவள் தொழில் அதைத்தான் சொல்லும். ஆனால் மௌண்டை நாளைக்கு யாராவது பிரிப்பார்கள். பிரித்தால் அப்பா உள்ளே இருப்பார். அன்று மத்தியானம் கடையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, இரும்பு ஸ்கேலைப் படத்தின் மேல் வைத்து, ஒரே இழுப்பில் இழுத்தாள். வேறு எந்தக் கடைக்காரன் வெட்டியிருந்தாலும் ஓரம் பிசிறடித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். இவள் வெட்டு அப்படியா இருக்கும்? அந்த இடத்தில் என்றைக்கும் ஒருவரும் இருந்ததில்லை என்கிற மாதிரி இருந்தது. வெட்டிய துண்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, அட்டைத் தூளோடு கூட்டிக் குப்பையில் போட்டாள். மறுநாள் காலை குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று கணவனிடம் சொன்னாள்.

திறப்பு விழாவன்று அப்பா கதவருகே வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை கையில் இருந்தது.

"நானும் வரட்டுமாம்மா? ஒரு பக்கமா நின்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்பா? கால்கடுக்க நிக்கணும். இன்னொரு நாள் சாவகாசமா கூட்டிட்டுப் போறேன்."

"அதுவும் சரிதான்" என்று சட்டையை மடித்துக்கொண்டார். எப்போதும் அவர் அப்படித்தான், சொன்னதும் ஒத்துக்கொள்வார். அந்த ஒத்துக்கொள்ளலே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வேகமாகப் படியிறங்கினாள்.

ஹோட்டல் ஹாலில் படங்கள் வரிசையாகத் தொங்கிய அழகைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. வந்தவர்கள் கையில் கோப்பையோடு படம் படமாக நின்று பார்த்தார்கள். நாய் படத்துக்கு முன்னால் ஒரே சிரிப்பு. மேனேஜர் எதிர்ப்பட்டவரையெல்லாம் இழுத்து வந்து, "இவங்கதான் பிரேம் போட்டாங்க. இந்த வேலையில இவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்று அறிமுகம் செய்தார். அவளும் கூச்சப்படுகிற மாதிரி நன்றாகவே நடித்தாள்.

அப்போது கைத்தடியோடு வயதானவர் ஒருவர் உள்ளே வந்தார். ஒரு காலில் மட்டும் தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு. மேனேஜர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டதிலிருந்தே யார் என்று அளவக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்பதாம் எண் வண்டியை ஓட்டியவர். அவரோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, "அட, இவனா! இவன் எங்கிட்ட ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல" என்று உரக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். நடுப்படத்தின் முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றது.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தின் வலது ஓரத்துக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குப் போனார். பிறகு பிரேமின் பக்கவாட்டைக் கொஞ்சம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு பிரேம் போட்டது யாரு?"

"இவங்கதான் சார்" என்று மேனேஜர் அவளை முன்னால் தள்ளிவிட்டார்.

"ரொம்ப அழகாப் போட்டிருக்கேம்மா. ஆனா இங்க ஒருத்தர் இருப்பாரே? இந்த ஓரத்துல. ஓவரால் போட்டுக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு. அவர் எங்க?"

"எனக்கு வந்ததே இப்படித்தான் சார்."

"இல்லியே மேடம்?" என்றார் மேனேஜர், ஒரு சூதும் இல்லாமல். "இது மட்டும் அகலமா இருக்கே, என்ன பண்ணப்போறீங்கன்னு நான்தானே உங்களைக் கேட்டேன்?"

"ஆமா ஆமா, மறந்துட்டேன். அந்த ஓரமெல்லாம் பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றாள். சொல்லும்போதே தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது.

"பூஞ்சையா? அடடா" என்றார் அவர். அப்படியே நம்பிவிட்டார். சந்தேகமாக ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. "எங்கிட்டயும் ஒரு காப்பி இருந்துச்சும்மா. வீடு மாத்தினப்போ தண்ணி பட்டுப் போயிடுச்சு. அவரைப் பார்க்கலாம்னுதான் இந்தக் காலோட இவ்வளவு தூரம் வந்தேன்."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளையும் உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அவர் என் மெக்கானிக். நட்டை அடிக்காம விட்டவரும் அவர்தான், அதுல ரெண்டாம் பேச்சே இல்ல. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நான் அவரைத் திட்டாத திட்டு கிடையாது. ஆனா ஒண்ணு சொல்லணும். வண்டி புரண்டு தீப்பிடிச்சதும் இருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கமா ஓடினாங்க. இந்த ஒரு மனுஷன்தான் என்னைப் பார்த்து ஓடி வந்தார். வந்துக்கிட்டே பின்னால திரும்பி, மணல் வாளி கொண்டாங்கடான்னு கத்தினார். அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் அமுக்கிட்டார். பார்க்கிறவங்களுக்கு ஓடிப்போற மாதிரிதான் தெரியும். நான் உள்ளே மாட்டிக்கிட்டுப் பார்த்தவன்ல, எனக்குத் தெரியும். எரியிற தகரத்துல வெறுங்கையை விட்டு இழுத்தார்மா."

அப்பாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழவழவென்று பளபளப்பாக இருக்கும். சின்ன வயதில் அவள் அதைத் தடவிப் பார்த்து என்னவென்று கேட்டதுண்டு. ரேடியேட்டர் தண்ணி கொட்டிடுச்சு என்று சொல்லியிருக்கிறார். அவளும் நம்பினாள். பந்தயத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: நட்டை விட்டது நான்தான்.

"எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் எங்க ஊர்ல இருந்து வந்து திடல்ல அவரைத் தேடினேன். எங்கயோ போயிட்டார்னாங்க. இப்ப உயிரோட இருக்காரான்னுகூடத் தெரியல. உன் கடைக்கு நாலு பேர் வருவாங்க, பழைய மெக்கானிக் யாரையாவது உனக்குத் தெரியுமாம்மா?"

மூன்று சொல் போதும். அவர் எங்கப்பா சார். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி பூஞ்சையைப் பற்றித்தான் வரும். மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். சுற்றிலும் ஆட்கள். பெற்ற அப்பனைப் படத்திலிருந்து வெட்டி எறிந்தவள் என்று இத்தனை பேர் முன்னால் தெரிந்துபோகும். அளவக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாது சார்."

"சரி, யாராவது வந்தா சொல்லு" என்று தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் முழுதாக இருட்டவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த இஸ்திரிச் சட்டையைப் போட்டிருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சும்மா போட்டுப் பார்த்தேன். அளவு சரியா இருக்கான்னு" என்றார். பிறகு, "நல்லா நடந்துச்சா? எல்லாரும் பாராட்டினாங்களா?" என்று கேட்டார்.

"ம்."

கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒன்பதாம் நம்பர் வண்டி படம் ஒண்ணு அதுல இருந்திருக்குமே?"

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்த போட்டோக்காரர் ஒரு தடவை காட்டினார். அதுல நானும் இருப்பேன், வலது பக்கம். அத்தனை வருஷம் அங்க வேலை பார்த்தேன், எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு படம்தான். மெக்கானிக்கை எவன் படமெடுக்கிறான்?" என்று லேசாகச் சிரித்தார். "உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் முன்னாடி கேக்கல. அதுல எனக்குத் தலை நிறைய முடி இருக்குமே, பார்த்தியா?"

அவர் காத்துக்கொண்டிருந்தார். ஏதோ பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அந்த முகம்.

"அந்த ஓரத்தை வெட்டிட்டேன்பா."

"ஓ" என்றார். கை முழங்காலிலேயே நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு அவளுக்காகவே ஒரு காரணத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "பிரேமுக்குப் பெரிசா இருந்துச்சா?"

"ஆமாம்பா" என்றாள் அளவக்கா.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. படத்தை வெட்டியபோதுகூட இவ்வளவு கேவலமாக இருந்ததில்லை. ஹோட்டலில் பொய் சொன்னபோதும் இல்லை. அவர் அவளைக் காப்பாற்ற ஒரு பொய்யை நீட்டுகிறார், அவள் அதையும் கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். சீ, நானும் ஒரு பெண்ணா என்று இருந்தது. கையில் கசங்கிக் கிடந்த காகிதத்தைப் பிரித்து, அப்பாவுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு நம்பரைப் போட்டாள். தனியறைக்குப் போகத்தான் கால் இழுத்தது. போகவில்லை.

"சார், நான் பிரேம் கடையில இருந்து பேசறேன். நீங்க கேட்டீங்கள்ல, அந்த ஓரத்தைப் பத்தி. பூஞ்சை எதுவும் இல்ல சார். நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்." மூச்சு வாங்கியது. "அவர் எங்கப்பா. அவர் ஓடிப்போறார்னு நினைச்சுட்டேன். வெளியே தெரிஞ்சா எனக்கு அசிங்கம்னு நான்தான் அவரை வெட்டிப் போட்டேன். பிரேமுக்குப் பெரிசா இருந்ததுனால இல்ல."

நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை. போனில் இருந்தவர் திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

"உயிரோட இருக்காரா?" என்று மட்டும் அந்தக் குரல் கேட்டது.

"இங்கதான் சார் இருக்கார்."

"குடும்மா. சீக்கிரம் குடு."

அப்பா எழுந்து நின்று, இரண்டு கையாலும் போனை வாங்கினார். சட்டையின் மேல் பொத்தானை ஒரு கையால் சரிசெய்துகொண்டார், யாரோ பார்க்கிற மாதிரி.

"சார், அந்த நட்டு..." என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சத்தமாக ஏதோ குறுக்கே வந்தது. அப்பா நிறுத்திக்கொண்டார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்ல சார்... அதெல்லாம் ஆறிப்போச்சு சார், வலியெல்லாம் இல்ல... உங்க கால் எப்படி இருக்கு? மழைக்காலத்துல குடையுமே?" கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. வழிகிறதே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. பிறகு அந்தப் பக்கம் பேச்சு படத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றிருந்தாள்.

"அட, அதை விடுங்க சார்" என்றார் அப்பா. குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒரு மிடுக்கு வந்திருந்தது. "பிரேம்னா அதுக்குன்னு ஒரு அளவு இருக்குல்ல? எங்கயாவது ஒரு இடத்துல வெட்டித்தானே ஆகணும். ஆனா ஒண்ணு, என் பொண்ணு வெட்டினா கோடு பிசகாது சார். நீங்களே பக்கத்துல போய்ப் பார்த்திருப்பீங்களே, எவ்வளவு நேரா இருக்கு!"